கண் மங்கலாம், விளக்கு மங்கலாமா?

மாணவ நண்பர்களே! மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை ஆகிய மூன்றையும் பாடநூலில் படித்திருப்பீர்கள். ஓம் விதியைக் கேட்டால் உறக்கத்திலும் ஒப்பிப்பீர்கள். அந்த விதி ஒரு மனிதரின் உயிரைக் காக்க வல்லது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? நான் இருபது ஆண்டுகளாகக் கல்லூரியில் அந்த விதியைக் கற்பித்து வருகிறேன். ஆனால் அதன் முழுப் பொருளையும் நாகப்பட்டினத்துத் துறைமுகத்தில், ஒரு விசைப்படகின் மேல்தட்டில்தான் நான் உணர்ந்தேன்.

என் தாய்மாமனுக்கு வயது 63. நாற்பது ஆண்டுகளாக விசைப்படகு ஓட்டுபவர். கடலில் படகின் மின்சாரம் பழுதானால் அவரே சரிசெய்வார். கரையிலிருந்து பல மைல் தொலைவில் இருக்கும்போது எந்த மின்பணியாளரை அழைக்க முடியும்? ஆனால் சில ஆண்டுகளாக அவருக்குக் கிட்டத்துப் பார்வை குறைந்துவிட்டது. ஒயரின் நிறம் தெரிவதில்லை. திருகாணியின் பள்ளம் தெரிவதில்லை. கண்ணாடி உருகிக்குள் இருக்கும் மெல்லிய கம்பி அறுந்ததா, இல்லையா என்பதும் தெரிவதில்லை.

ஓர் இரவு, வலை போட்டு முடித்துத் திரும்பும்போது, ஒரு சரக்குக் கப்பல் அவர் படகுக்கு மிக அருகில் வந்து, கடைசி நேரத்தில் ஊதல் ஒலித்துத் திசை திரும்பியது. அலையில் படகு ஆடிய ஆட்டத்தில் பனிக்கட்டிப் பெட்டிகள் சரிந்தன. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. "கம்பத்து லைட்டு கொஞ்சம் மங்கலாத்தான் எரிஞ்சிது மாப்ளே. பல்பு பழசுன்னு நெனச்சேன்" என்றார் மாமா. அதன்பின் மூன்று முறை பல்பை மாற்றினாராம். விளக்கு மங்கலாகவே எரிந்தது.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையில் நிற்கும் அந்த நாள்களில்தான் பழுதுபார்க்கும் வேலைகள் நடக்கும். அப்போது மாமா என்னை அழைத்தார். "நீ படிச்ச படிப்ப இதுல காட்டு" என்றார். அன்று நாங்கள் இருவரும் செய்ததைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

ஒளி பாதியானால் என்ன நட்டம்?

படகுகளின் விளக்குகள் அலங்காரத்துக்காக வைக்கப்பட்டவை அல்ல. கடலில் மோதலைத் தவிர்ப்பதற்கான பன்னாட்டு விதிகள் 1972-இல் வகுக்கப்பட்டு 1977-இல் நடைமுறைக்கு வந்தன. அவற்றின்படி, இரவில் செல்லும் விசைப்படகின் இடப்பக்கத்தில் சிவப்பு விளக்கும், வலப்பக்கத்தில் பச்சை விளக்கும், பின்புறம் வெள்ளை விளக்கும், கம்பத்தில் முன்னோக்கிய வெள்ளை விளக்கும் எரிய வேண்டும். எதிரே வருபவர் இந்த நிறங்களைக் கொண்டே படகு எந்தப் பக்கம் செல்கிறது என்று அறிவார். 12 மீட்டருக்குக் குறையாமலும் 20 மீட்டருக்குள்ளும் நீளமுள்ள படகில், கம்பத்து விளக்கு 3 கடல்மைல் தொலைவுக்குத் தெரிய வேண்டும். ஒரு கடல்மைல் என்பது 1852 மீட்டர். மாமாவின் படகு 15 மீட்டர் நீளமுள்ளது.

மாமாவின் கம்பத்து விளக்கில் இருந்தது 12 வோல்ட், 25 வாட் இழை பல்பு. இழை பல்பில் மின்னழுத்தம் சிறிது குறைந்தாலும் ஒளி பெருமளவில் குறைந்துவிடும். ஏனெனில், இழையின் வெப்பநிலை குறையும்போது அது உமிழும் ஆற்றலும் குறைகிறது. அந்த ஆற்றலில் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் பங்கும் குறைகிறது. ஒளியின் அளவு, மின்னழுத்தத்தின் ஏறத்தாழ 3.4-ஆம் அடுக்குக்கு நேர்விகிதத்தில் இருக்கும். அதன்படி மின்னழுத்தம் 10 விழுக்காடு குறைந்தால் ஒளி 30 விழுக்காடு குறைகிறது. 12 வோல்ட்டுக்குப் பதில் 10 வோல்ட்டே கிடைத்தால், ஒளி ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது.

ஒளி பாதியானால் அது தெரியும் தொலைவும் பாதியாகுமா? ஆகாது. எதிர் இருமடி விதியை நினைவுகூருங்கள். காற்றில் ஒளி உட்கவரப்படுவதை ஒதுக்கிவிட்டால், தொலைவு ஒளிச்செறிவின் இருமடி மூலத்துக்கு நேர்விகிதத்தில் அமையும். எனவே தொலைவு 0.7 மடங்காகக் குறையும். அதாவது 3 கடல்மைலுக்குத் தெரிய வேண்டிய விளக்கு 2.1 கடல்மைலுக்குத்தான் தெரியும்.

இதனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். சரக்குக் கப்பல் ஒன்று 15 நாட் வேகத்தில் வருகிறது என்று கொள்வோம். நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல். ஆகவே அந்தக் கப்பல் 4 நிமிடத்தில் ஒரு கடல்மைலைக் கடக்கும். 3 கடல்மைல் தொலைவில் விளக்கைக் கண்டால், திசை திருப்ப அதற்கு 12 நிமிடம் கிடைக்கிறது. 2.1 கடல்மைலில் கண்டால் எட்டரை நிமிடம்கூட முழுதாகக் கிடைப்பதில்லை. பெரிய கப்பல் உடனே திரும்பாது. உடனே நிற்கவும் செய்யாது. படகில் இருக்கும் எட்டுப் பேருக்கு அந்த மூன்றரை நிமிடம் எவ்வளவு பெரிது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

கண் ஏன் மங்குகிறது?

விளக்கைப் பார்க்கும் முன், அதைப் பழுதுபார்க்கும் கண்ணைப் பார்ப்போம்.

நம் விழிலென்சு, தேவைக்கேற்பத் தடித்தும் மெலிந்தும் தன் குவியத்தூரத்தை மாற்றிக்கொள்கிறது. இதற்கு விழி ஏற்பமைவு என்று பெயர். வயது ஏற ஏற லென்சு விறைத்துப் போவதால் இந்தத் திறன் குறைகிறது. பத்து வயதுச் சிறுவன் ஏறத்தாழ 7 செ.மீ. அருகில் உள்ள பொருளையும் தெளிவாகக் காண்பான். அறுபது வயதில் அந்த அண்மைப் புள்ளி ஒரு மீட்டர் அளவுக்குத் தள்ளிப் போய்விடும். இதைத்தான் ஊரில் வெள்ளெழுத்து என்கிறோம். இது நோயன்று, எல்லோருக்கும் வருவது. நாற்பத்தேழு வயதாகும் நானும் அன்று பல்புப் பெட்டியின் எழுத்தைக் கையை நீட்டி வைத்துத்தான் படித்தேன். மாமா அதைக் கண்டு சிரித்தார்.

வெள்ளெழுத்துக்கு என்ன கண்ணாடி வேண்டும்? நீங்களே கணக்கிடலாம். அண்மைப் புள்ளி 1 மீட்டரில் உள்ள ஒருவர், 33 செ.மீ. தொலைவில் வைத்து வேலை செய்ய விரும்புகிறார். 33 செ.மீ. தொலைவுக்கு 3 டையாப்டர் தேவை. அவருடைய கண்ணால் தர முடிவது 1 டையாப்டர். மீதி 2 டையாப்டரைக் கண்ணாடி தர வேண்டும். அதாவது 50 செ.மீ. குவியத்தூரமுள்ள குவிலென்சு போதும்.

மாமாவுக்குக் கண்புரையும் தொடங்கியிருந்தது. கண்புரையில் லென்சே கலங்கிப் போகிறது, ஒளி சிதறுகிறது, எதிரே வரும் விளக்கைச் சுற்றிக் கூச்சம் தோன்றுகிறது. இதைக் கண்ணாடியால் மட்டும் தீர்க்க முடியாது. அறுவை செய்து புதிய லென்சு பொருத்தினால் தீரும். "படகுக்கு வருசா வருசம் பெயிண்ட் அடிக்கிறீங்க மாமா, கண்ணை மட்டும் ஏன் விட்டுட்டீங்க?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் மறுவாரமே கண் மருத்துவரிடம் சென்றார்.

அதுவரை வேலையை நிறுத்தி வைக்க முடியாது அல்லவா? குறைந்த பார்வைக்கு இயற்பியல் தரும் மூன்று உதவிகளைப் பாருங்கள்.

முதல் உதவி, நிறைந்த ஒளி. ஒளி மிகும்போது கண்ணின் பாவை சுருங்குகிறது. சிறு துளையின் வழியே நுழையும் ஒளிக்கற்றை மெலிதாக இருப்பதால், குவியம் சற்றுத் தவறினாலும் பிம்பம் அதிகம் மங்குவதில்லை. ஊசித்துளைக் கேமராவில் லென்சே இல்லாமல் படம் விழுவதும் இதனால்தான். ஆகவே நெற்றியில் கட்டும் டார்ச்சு ஒன்று, வெள்ளெழுத்துக்காரருக்கு அரைக் கண்ணாடிக்குச் சமம். கண்புரை உள்ளவர் மட்டும், ஒளி நேரே கண்ணில் படாமல் பக்கவாட்டிலிருந்து விழும்படி வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் உதவி, உருப்பெருக்கி. 10 செ.மீ. குவியத்தூரமுள்ள கைலென்சு, கண்ணுக்குச் சிரமமில்லாத நிலையில் இரண்டரை மடங்கு பெரிதாக்கிக் காட்டும். இன்று பலரிடமும் இருக்கும் கைப்பேசியின் கேமராவும் நல்ல உருப்பெருக்கியே. எட்ட முடியாத மூலையில் கையை விட்டுப் படம் எடுத்து, வெளியே வந்து பெரிதாக்கிப் பார்க்கலாம்.

மூன்றாம் உதவி, வெள்ளை ஒளி. கடலில் இரவுப் பார்வை கெடாமலிருக்கச் சிவப்பு டார்ச்சு பயன்படுத்துவதுண்டு. வெள்ளொளி பட்டபின் கண் மீண்டும் இருளுக்கு முழுதாகப் பழக ஏறத்தாழ 30 நிமிடம் ஆகும் என்பதால் அது நல்ல வழக்கமே. ஆனால் சிவப்பு ஒளியில் ஒயர் வேலை செய்யக் கூடாது. ஏன்? அந்த ஒளியில் வெள்ளை ஒயரும் சிவப்பைத்தான் எதிரொளிக்கும், சிவப்பு ஒயரும் சிவப்பைத்தான் எதிரொளிக்கும். இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். பச்சை ஒயரோ கறுப்பாகத் தெரியும். மிக மங்கிய ஒளியிலும் இதே தொல்லைதான். அப்போது விழித்திரையின் கோல் செல்களே வேலை செய்கின்றன. அவற்றுக்கு நிறம் பிரித்தறியத் தெரியாது.

கண் காணாத பழுது

இனிப் படகுக்கு வருவோம். மாமாவின் படகில் 12 வோல்ட் ஈய-அமில பேட்டரி இருக்கிறது. அதனுள் 6 மின்கலங்கள் தொடராக இணைந்துள்ளன. முழுதாக மின்னேற்றப்பட்டு ஓய்வில் இருக்கும்போது அதன் மின்னழுத்தம் 12.6 வோல்ட் அளவில் இருக்கும். மோட்டார் வண்டியில் உலோக உடலே மின்னோட்டம் திரும்பும் வழியாகிறது. கண்ணாடி இழைப் படகிலும் மரப்படகிலும் அந்த வசதி இல்லை. ஆகவே ஒவ்வொரு விளக்குக்கும் போக ஓர் ஒயர், திரும்ப ஓர் ஒயர் வேண்டும். ஒயர் இரட்டிப்பதால் இணைப்புகளும் இரட்டிக்கின்றன. பழுதுகள் பெரும்பாலும் வருவது இணைப்புகளில்தான்.

காரணம், உப்பு. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்துள்ளது. அது நல்ல மின்பகுளி. செம்புக்கம்பியும் வேறோர் உலோகத் திருகாணியும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால், அங்கே ஒரு சிறு மின்கலமே உருவாகிவிடுகிறது. ஓர் உலோகம் அரிக்கப்படுகிறது. செம்பின் மேல் பச்சைப் பொடி பூக்கிறது. அந்தப் பொடி மின்சாரத்தை எளிதில் கடத்தாது. ஒயர் வெளிப்பார்வைக்கு முழுதாக இருக்கும். உள்ளே மின்னோட்டம் திணறும்.

நான் மல்டிமீட்டரை எடுத்தேன். மாமா என்னைத் தடுத்து, "நான் அளந்து பாத்துட்டேன். பேட்டரியிலயும் 12.4, மேல லைட்டு ஹோல்டர்லயும் 12.4. ஒயர்ல ஒரு கொறையும் இல்ல" என்றார். நான் வியந்தேன். இரண்டு இடத்திலும் ஒரே அளவு. பிறகு விளக்கு ஏன் மங்குகிறது?

"அளக்கும்போது ஹோல்டர்ல பல்பு இருந்துச்சா மாமா?"

"பல்பைக் கழட்டிட்டுத்தான மாப்ளே உள்ள ஊசியை வைக்க முடியும்?"

அங்கேதான் மறைந்திருந்தது புதிர். மாணவர்களே, ஓம் விதியை இப்போது எடுத்துக்கொள்ளுங்கள். மின்தடையில் இழக்கப்படும் மின்னழுத்தம், மின்னோட்டத்தையும் மின்தடையையும் பெருக்கினால் கிடைக்கும். பல்பைக் கழற்றிவிட்டால் மின்னோட்டம் எவ்வளவு? மல்டிமீட்டரின் உள்மின்தடை பல இலட்சம் ஓம் ஆகையால், மின்னோட்டம் சுழி என்றே கொள்ளலாம். மின்னோட்டம் சுழி என்றால் இழப்பும் சுழி. இடையில் எத்தனை கெட்ட இணைப்பு இருந்தாலும் மீட்டர் முழு மின்னழுத்தத்தையே காட்டும். சுமை இல்லாதபோது பழுது ஒளிந்துகொள்கிறது! வேலை செய்யும்போதுதான் அதன் உண்மை நிலை தெரியும்.

ஒலி எழுப்பித் தொடர்ச்சியைச் சோதிக்கும் பஸ்சரும் இங்கே ஏமாற்றிவிடும். ஒயர் அறுந்திருக்கிறதா, உருகி போய்விட்டதா என்று அறிய அது மிக நல்ல கருவி. கண் வேண்டாம், காது போதும். ஆனால் ஓர் ஓம் மின்தடையுள்ள கெட்ட இணைப்பிலும் அது தயங்காமல் ஒலிக்கும். நம் விளக்கின் மின்தடையே 6 ஓம் அளவுதான். அதற்கு முன்னால் ஓர் ஓம் என்பது சிறியதன்று.

எனவே பல்பைப் பொருத்தி, விளக்கை எரியவிட்டு, ஹோல்டரின் பின்புறத் திருகாணிகளில் அளந்தோம். மீட்டர் 10.0 வோல்ட் காட்டியது. அதே நேரத்தில் பேட்டரியில் 12.4 வோல்ட். வழியில் 2.4 வோல்ட் காணாமல் போயிருந்தது.

பாதியாகப் பிரித்துத் தேடு

எங்கே போயிற்று? பேட்டரியிலிருந்து உருகி, சுவிட்சுப் பலகை, கூரைமேல் உள்ள இணைப்புப் பெட்டி, கம்பத்தின் அடி, ஹோல்டர் என்று பல இடங்கள். ஒவ்வொன்றையும் திறந்து உற்றுப் பார்ப்பது, நல்ல கண்ணுள்ளவருக்கே அரைநாள் வேலை. குறைந்த பார்வை உள்ளவர் திறக்கும் இடங்களைக் குறைக்க வேண்டும். அதற்கு ஒரு முறை உண்டு. நடுவில் சோதி, பழுது இந்தப் பாதியிலா, அந்தப் பாதியிலா என்று அறி, நல்ல பாதியை விட்டுவிடு, மீதியை மறுபடி இரண்டாகப் பிரி. 8 இடங்களில் ஐயம் இருந்தால் 3 சோதனைகள் போதும். 16 இடங்கள் என்றால் 4.

நீளமான ஒரு தனி ஒயரை எடுத்து, அதன் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனையில் கவ்வியால் பிடித்தோம். மறுமுனை மீட்டரில். இனி மீட்டரைப் படகின் எந்த மூலைக்கும் கொண்டு போகலாம். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

முதலில் ஹோல்டரின் எதிர்ப்பக்கத் திருகாணியைத் தொட்டோம்: 0.2 வோல்ட். அதாவது திரும்பும் வழியில் இழப்பு 0.2 மட்டுமே. சரிதானா என்று கணக்கிட்டுப் பார்ப்போம். ஒயரின் நீளம் 10 மீட்டர். குறுக்குப் பரப்பு 1.5 சதுர மில்லிமீட்டர். செம்பின் மின்தடை எண்ணைக் கொண்டு பார்த்தால் மின்தடை 0.11 ஓம் வருகிறது. விளக்கின் மின்னோட்டம் 1.9 ஆம்பியர். பெருக்கினால் 0.2 வோல்ட். ஆகவே திரும்பும் ஒயர் குற்றமற்றது. நேர்ப்பக்கத்தில்தான் மீதி 2.2 வோல்ட் இழப்பு.

அடுத்து, சுவிட்சுப் பலகையிலிருந்து வெளியேறும் முனை: 12.3 வோல்ட். அதுவரை இழப்பு 0.1 தான். உருகியும் சுவிட்சும் நலம். பிறகு கூரைமேல் இணைப்புப் பெட்டி: 12.2 வோல்ட். இங்கும் நலம். அப்படியானால் பெட்டிக்கும் ஹோல்டருக்கும் இடையே உள்ள சில மீட்டர் ஒயரில் 2.0 வோல்ட் காணவில்லை. அந்த ஒயருக்கு உரிய இழப்பு 0.1 தான்.

விரல் கண்டது

"இதுக்கு நடுவுல ஜாயிண்ட் ஏதாச்சும் இருக்கா மாமா?"

அவர் சற்று யோசித்தார். "கம்பத்து அடியில ரெண்டு வருசத்துக்கு முந்தி எலி கடிச்சிது. முறுக்கி டேப்பு சுத்துனேன்."

நான் டார்ச்சு அடித்துப் பார்த்தேன். டேப்பு வழவழப்பாக, கிழியாமல், நன்றாகவே இருந்தது. ஒரு குறையும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. மாமா கண்ணைக் கிட்டே கொண்டு போகவே இல்லை. ஒயரை இரு விரல்களுக்கிடையே பிடித்து, மேலிருந்து கீழாக மெல்ல உருவினார். டேப்பு சுற்றிய இடத்தில் விரல் நின்றது. "சுடுது மாப்ளே" என்றார்.

சுடத்தானே வேண்டும்! அந்த இணைப்பில் இழப்பு 1.9 வோல்ட், மின்னோட்டம் 1.9 ஆம்பியர். மின்தடை 1 ஓம். பெருக்கினால் 3.6 வாட் வெப்பம், பெருவிரல் அளவேயுள்ள இடத்தில். விளக்கில் ஒளியாக வேண்டிய ஆற்றல் அங்கே வெப்பமாகி வீணாகிக்கொண்டிருந்தது. சுவிட்சை அணைத்து, டேப்பைப் பிரித்தோம். உள்ளே செம்பு இழைகள் பச்சைப் பொடியாக உதிர்ந்தன. ஏழெட்டு இழைகளே மீதி.

ஒன்றைக் கவனியுங்கள். என் நல்ல கண்ணுக்கு அகப்படாத பழுது, அவருடைய விரலுக்கு அகப்பட்டது. ஆனால் விரல் எங்கே தேட வேண்டும் என்பதை மீட்டரும் கணக்கும்தான் சொல்லின. மின்பழுதுகள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவன அல்ல. ஆகவே அவற்றைத் தேட முதலில் வேண்டியது கூரிய கண் அன்று, ஒழுங்கான முறை.

மீண்டும் கெடாதிருக்க

பழைய ஒயரை முழுதாக நீக்கி, வெள்ளீயம் பூசிய செம்பு இழைகளால் ஆன 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரை ஒரே நீளமாகப் போட்டோம். படகில் ஒற்றைக் கம்பி ஒயர் ஆகாது. எஞ்சின் அதிர்வில் ஒடிந்துவிடும். பல இழை ஒயரே ஏற்றது. முனைகளில் உலோகக் குழல்களை வைத்து, அதற்குரிய இடுக்கியால் அழுத்தி, மேலே சூட்டில் சுருங்கும் உறையைப் போட்டோம். சரியாக அழுந்தியதா என்று எப்படிப் பார்ப்பது? பார்க்க வேண்டாம், இழுத்துப் பாருங்கள்! பலமாக இழுத்தும் வராத இணைப்பு நல்ல இணைப்பு. விளக்கை எரியவிட்டு அளந்தபோது இழப்பு 0.4 வோல்ட்டுக்கு இறங்கியிருந்தது. 12 வோல்ட்டில் 3 விழுக்காட்டளவு இழப்பு வரை ஏற்கலாம் என்பது படகு மின்பணியில் பின்பற்றப்படும் கணக்கு.

அடுத்து, ஒயர்களுக்கு அடையாளம். நிறத்தையும் சிறு எழுத்தையும் நம்பாமல், தொட்டு அறியும் அடையாளம் செய்தோம். நைலான் நூலால் கம்பத்து விளக்கின் ஒயரில் ஒரு முடிச்சு, பக்க விளக்குகளுக்கு இரண்டு, பின்விளக்குக்கு மூன்று, நீர் இறைக்கும் பம்புக்கு நான்கு. வலை பின்னும் கைக்கு முடிச்சை எண்ணுவது பெரிய வேலையா? இருட்டிலும், புயலிலும், கண்ணாடி உடைந்துபோனாலும் அந்த முடிச்சுகள் பேசும்.

பேட்டரியிலும் இப்படி ஓர் அடையாளம் ஏற்கெனவே உண்டு. வண்டிகளிலும் படகுகளிலும் பயன்படும் சாதாரண கூம்புமுனை பேட்டரிகளில், நேர்முனை எதிர்முனையைவிடச் சற்றுத் தடித்திருக்கும். விரலால் தடவினாலே வேறுபாடு தெரியும். ஐயமிருந்தால் மீட்டரால் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

எச்சரிக்கை

12 வோல்ட் தானே என்று அலட்சியம் வேண்டாம். 12 வோல்ட் பொதுவாக உயிரைப் பறிக்கும் அதிர்ச்சி தருவதில்லை. ஆனால் பேட்டரியின் உள்மின்தடை மிகச் சிறியது. ஒரு ஸ்பேனர் இரு முனைகளையும் குறுக்கே தொட்டால் ஆயிரம் ஆம்பியருக்கு மேலும் பாயக்கூடும். ஸ்பேனர் நொடியில் பழுக்கும். விரல் மோதிரமும் உலோகக் கடிகாரப் பட்டையும் அப்படியே. அவற்றைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

பேட்டரியைக் கழற்றும்போது எதிர்முனையை முதலில் கழற்றுக; பூட்டும்போது அதைக் கடைசியில் பூட்டுக. எஞ்சினின் இரும்புடல் எதிர்முனையோடு இணைந்திருப்பதே இதற்குக் காரணம். நேர்முனையை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் தவறி எஞ்சினில் பட்டால் குறுக்குச்சுற்று ஆகிவிடும். எதிர்முனை முதலில் விடுபட்டிருந்தால் மின்சுற்றே முழுமையடையாது. கண் சரியாகத் தெரியாதவருக்கு இந்த வரிசை ஒரு கவசம்.

மின்னேற்றம் பெறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளிவரும். காற்றில் அது 4 விழுக்காடு சேர்ந்தாலே ஒரு தீப்பொறியில் வெடிக்கக்கூடும். ஆகவே எஞ்சின் அறையைத் திறந்து காற்றோட்டம் விட்டபின்தான் வேலை. தெரியவில்லை என்று தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது கூடவே கூடாது. படகில் 230 வோல்ட் தரும் இன்வெர்ட்டரோ ஜெனரேட்டரோ இருந்தால், அந்தப் பக்கம் கையே வைக்க வேண்டாம். விரலால் தடவித் தேடும் முறை 12 வோல்ட்டுக்கு மட்டுமே, அதுவும் உறையின் மேல் மட்டுமே உரியது. 230 வோல்ட் வேலை, உரிமம் பெற்ற மின்பணியாளருக்கு உரியது.

நீங்களே செய்து பாருங்கள்

இரண்டு டார்ச்சு செல்கள், ஒரு சிறு டார்ச்சு பல்பு, சுவிட்சு, சில ஒயர்கள், ஒரு மல்டிமீட்டர் ஆகியவற்றைச் சேகரியுங்கள். ஒரு பென்சிலின் இரு முனைகளையும் சீவி, அதன் கரியை மின்சுற்றில் தொடராக இணையுங்கள். பென்சில் கரியே நம் கெட்ட இணைப்பு. பல்பு மங்குவதைக் காண்பீர்கள்.

1. பல்பு எரியும்போது அதன் முனைகளுக்கிடையே மின்னழுத்தத்தை அளந்து எழுதுங்கள்.

2. பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் அளவுங்கள். ஏறத்தாழ 3 வோல்ட் முழுதும் தெரியும். மாமாவை ஏமாற்றியது இதுதான்.

3. பல்பை மறுபடி பொருத்தி, பென்சில் கரியின் இரு முனைகளுக்கிடையே அளவுங்கள். காணாமல் போன மின்னழுத்தம் அங்கே இருக்கும்.

4. பென்சிலை ஒரு நண்பர் எங்கேனும் மறைத்து, மேலே துணி போட்டு மூடட்டும். ஒயர்களின் இணைப்பு முனைகள் மட்டும் வெளியே இருக்கட்டும். பாதியாகப் பிரிக்கும் முறையில், எத்தனை சோதனையில் பழுது உள்ள இடத்தை உங்களால் கண்டுபிடிக்க முடிகிறது?

மாமாவுக்கு இப்போது ஒரு கண்ணில் புரை அறுவை முடிந்துவிட்டது. சட்டைப் பையில் 2 டையாப்டர் கண்ணாடி இருக்கிறது. ஆயினும் ஒயரில் போட்ட முடிச்சுகளை அவர் அவிழ்க்கவில்லை. தடைக்காலம் முடிந்து முதல்நாள் இரவு படகு புறப்பட்டபோது நான் கரையில் நின்றிருந்தேன். கம்பத்து விளக்கு நெடுநேரம் வரை தெரிந்தது.

உங்கள் வீட்டிலும் கண் மங்கிய பெரியவர்கள் இருப்பார்கள். அவர்கள் கையிலிருந்து ஸ்குரூ டிரைவரைப் பிடுங்கிக்கொள்ளாதீர்கள். அருகில் அமர்ந்து, டார்ச்சைப் பிடித்து, மீட்டரின் எண்ணைப் படித்துச் சொல்லுங்கள். அவர்களின் விரலும் உங்களின் ஓம் விதியும் சேர்ந்தால், எந்தப் பழுதும் நெடுநாள் ஒளிந்திருக்க முடியாது.